நான் உப்பை விட்ட கதை

போன ஞாயிறு எனக்கு ஒரேயொரு வேலைதான். சாய்ந்தமருதுல ஒரு கலியாண வீடு. போகணும், சாப்பிடணும், வரணும். அதையும் ஒழுங்கா செய்யத் தெரியாத ஆள் நான்.

ரெண்டு வருசமா லிதியம் குளிசை போடுறன். மனசு ஒரேயடியா ஏறி இறங்குற வருத்தத்துக்கு. மனிசிக்கும் டொக்டருக்கும் மட்டும்தான் தெரியும். ஊருக்குத் தெரிஞ்சா விசரன் எண்டு பேர் வைச்சிடுவானுகள். பிறகு என்ட கடைக்கு ஆர் வருவான்?

"உப்பைத் திடீரெண்டு குறைக்க வேணாம். குறைச்சா குளிசை உடம்புல தேங்கி நஞ்சாகிடும்" எண்டு டொக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னார். ஓம் ஓம் எண்டு தலையாட்டினன். தலையாட்டுறதுல என்னை ஆராலயும் வெல்ல ஏலா.

ரெண்டு கிழமைக்கு முன்ன மச்சான் வந்தான். மனிசிட தம்பி. டைல்ஸ் கடை வச்சிருக்கான், உலகத்து வருத்தம் எல்லாத்துக்கும் அவனிட்ட வைத்தியம் இரிக்கி.

"மச்சான், உங்கட முகம் ஊதியிருக்கு. உப்ப உடுங்க. நான் உட்டு மூணு மாசம். பாருங்க, எப்பிடி இரிக்கன்."

பார்த்தன். நல்லாத்தான் இருந்தான். அடுத்த நாளே உப்பை உட்டன்.

"டொக்டர்ட கேட்டீங்களா?" எண்டாள் மனிசி.

"உன்ட தம்பிதானே சொன்னான், சும்மா இரி."

கலியாண வீட்டுல சோறு நிரப்பின ஒரு பெரிய சஹன் தட்டைச் சுத்தி ஆறு பேர் குந்தினோம். பிஸ்மில்லாச் சொல்லி முதல்ல உப்பைத் தொட்டு நாக்குல வைக்கிறது நம்மட வழக்கம். உப்பு என்னட்ட வந்தது. "நான் உப்பு பாவிக்கிறல்ல" எண்டன், பெரிய மகான் மாதிரி.

சோத்துல கை வைச்சா கை நடுங்குது. எடுத்த இறைச்சித் துண்டு பக்கத்துல இருந்த வயசான காக்கா ஒருத்தர் உடுத்திருந்த வெள்ளைச் சாரத்துல விழுந்தது. அதை எடுக்கப் போய் சோத்தையும் கொட்டினன்.

"கண்ணூறு. ஓதிப் பார்க்கணும்" எண்டார் காக்கா.

இல்லையெண்டு சொல்ல வாயைத் திறந்தன். காலையில திண்டதெல்லாம் சத்தியா வந்தது. நல்ல காலம், சஹனுக்கு வெளிய.

அஞ்சு பேரும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கினானுகள். "என்ன குளிசை போடுறீங்க?" எண்டு கேட்டார் அங்கிருந்த டொக்டர். கட்டிலைச் சுத்தி அஞ்சு பேரும் நிக்கிறானுகள். மறைச்சா உசிர் போகும், சொன்னா மானம் போகும். சொன்னன்.

மறுநாள் கதை கேள்விப்பட்டு மச்சான் வார்டுக்கு வந்தான். வந்ததும் புத்தியில்லாத பேயனைப் பார்த்த மாதிரி என்னைப் பார்த்தான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"நீயும்தானேடா உப்ப உட்ட? உனக்கு மட்டும் ஏன்டா ஒண்டும் ஆகல்ல?"

அக்கம்பக்கம் பார்த்திட்டு மெதுவாக் கதைச்சான்.

"நான் எங்க மச்சான் உட்ட? அது சும்மா பெருமைக்குச் சொன்ன. எனக்கும் அந்தக் குளிசைதானே."