குதிரைக்கு 'ப' வராது

தமிழ் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தவனை எந்தக் கூட்டத்திலும் சேர்க்கக் கூடாது. கோயில் சபையில் சேர்த்தால் திருவிழா நோட்டீசில் பிழை பிடிப்பான். மரண வீட்டுக்குப் போனால் அஞ்சலிப் பதாகையில் ஒற்று எங்கே என்று கேட்பான். அந்த வியாதி எனக்கு உண்டு. புத்தளத்தில் ஓர் அலுவலகத்தில் சிங்களக் கடிதங்களைத் தமிழாக்குவது என் தொழில். இது, அந்த வியாதியோடு நான் குதிரையாகப் போன கதை.

குதிரை என்றால் பாவனைக் குதிரை. வளர்ந்த ஆட்கள், முழுச் சம்மதத்தோடு, ஒருவர் சேணமும் கடிவாளமும் பூட்டிக் குதிரையாகவும் மற்றவர் வாரைப் பிடித்து ஓட்டுபவராகவும் இருந்து விளையாடுவது. (சிலருக்கு அதில் சரசமும் உண்டு. எங்கள் வீட்டு விவரம் உங்களுக்குத் தேவையில்லை.) கொஞ்ச நேரமாவது யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்கலாம் என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது. சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் இப்படி ஒரு சிறு கூட்டம் இருப்பதாக அறிந்த நாளிலிருந்து என் மனைவி சுகந்தியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஒருவழியாக அவள் இறங்கி வந்தாள், நிபந்தனையோடு.

"ஒருக்கா வாறன். இடையில ஏதும் பிழைச்சு நிப்பாட்ட வேண்டி வந்தா அதோட சரி. பிறகு இந்தக் கதையே எடுக்கப்படாது."

கூட்டத்தை நடத்துபவர் நிலந்தி அக்கா. சிங்களப் பெண், ஆனால் நம்மவர்களைவிட நன்றாகத் தமிழ் கதைப்பார். கற்பிட்டி வீதியில் அவருக்கு மதில் கட்டிய தென்னந்தோட்டம் ஒன்று இருக்கிறது. அன்று அங்கே 'நடை அழகு'ப் போட்டி. தொடங்க முன்னர் எங்களை இருத்தி, எது சரி, எது கூடாது என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டார். விளையாட்டை உடனே நிறுத்த ஓர் அடையாளம் வேண்டும் என்றார்.

"காலை மூணு தரம் தரையில தட்டினாச் சரி. இஞ்ச எல்லாக் குதிரையும் அப்பிடித்தான்."

வியாதி தலைக்கேறியது. "மனிசனுக்கு மொழி எண்டு ஒண்டு இருக்கு அக்கா. கால் வேண்டாம். எனக்கு ஒரு சொல்லு தாங்க."

"சரி, பாண் எண்டு வைப்பம்."

"அது போர்த்துக்கேயச் சொல்லு. அதோட, ரோட்டால பாண் விக்கிற ஓட்டோ போய், ஆரும் பாண் எண்டு கூப்பிட்டா என்ன செய்யிறது? 'வெதுப்பி' எண்டு வைப்பம்."

பாணுக்கு, அதாவது பிரெட்டுக்கு, தனித்தமிழ். தவறுதலாக யாருடைய வாயிலும் வந்துவிடாத சொல். (வேண்டுமென்றும் யாரும் சொன்னதில்லை.)

"வாயில கடிவாளக் கட்டை இருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் நிலந்தி அக்கா.

"நான் உச்சரிப்பில கவனமான ஆள்," என்றேன். என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றுவது அந்த வசனத்துக்காகத்தான்.

உடுப்பு மாற்றும் நேரத்தில் சேணத்தை ஒரு மாமரக் கிளையில் தொங்கவிட்டேன். இந்தப் பக்கத்தில் பிறந்த எவனும் மாமரத்தில் எதையும் தொங்கவிட மாட்டான். முசுறு எறும்பு அங்கேதான் கூடு கட்டிக் குடியிருக்கும். நான் தொங்கவிட்டேன், எடுத்தேன், உதறாமல் பூட்டிக்கொண்டேன். கைகளுக்குக் குளம்பு போன்ற தோலுறை, வாயில் ரப்பர் கட்டை. சுகந்தி வாரைப் பிடித்தாள்.

முதல் கடி தோள்பட்டைக்குக் கீழே. கட்டையைக் கடித்துப் பொறுத்தேன். நிறுத்தினால் இத்தனை காலக் கெஞ்சலும் வீண். ஆனால் முசுறு தனியாக வரும் சாதி அல்ல. படை இடுப்புக்கு இறங்கியதும் என் முழங்கால்கள் தாமாக எழும்பத் தொடங்கின. சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

"நல்லா வருதப்பா. இன்னும் தூக்குங்க," என்றாள் சுகந்தி, சந்தோசமாக.

இரண்டாவது சுற்றில் மானம், கல்யாணம், எதிர்காலம் எல்லாவற்றையும் கைவிட்டுக் கத்தினேன்: வெதுப்பி.

'வ' வருவதற்குக் கீழுதடு மேற்பல்லைத் தொட வேண்டும். 'ப' வருவதற்கு இரண்டு உதடும் ஒட்ட வேண்டும். அலுவலகத்தில் ஊருக்கெல்லாம் இலக்கணம் படிப்பிக்கிற மடையன், வாயில் கட்டையை வைத்துக்கொண்டு இதை யோசிக்கவில்லை. வெளியே வந்தது "எ... உ... ஈ..." நல்ல கனைப்பு. கைதட்டல் கூடியது. இன்னும் பலமாகக் கத்தினேன். யாரோ விசிலடித்தார்கள். காலை மூன்று தரம் அல்ல, கணக்கில்லாமல் தட்டினேன். கால் வேண்டாம் என்று சொன்னவன் நானே என்பதால் சுகந்தி அதையும் நடனக் கணக்கில் எழுதிக்கொண்டாள். கடைசியில் மணலில் விழுந்து புரண்டேன். இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

நிலந்தி அக்காதான் என் கண்ணீரைப் பார்த்து ஓடிவந்து கட்டையைக் கழற்றினார்.

"வெதுப்பி," என்றேன், மிகத் தெளிவாக.

"பாணா?" என்றாள் சுகந்தி. "இப்ப ஏனப்பா பாண்? பசிக்குதா?"

வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, மருந்து பூசி அனுப்பினார்கள். முதலிடம் எனக்குத்தான். கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வீங்கிய முதுகு சீற்றில் படாமல் காரில் குனிந்திருந்தேன். பாலாவிச் சந்தி வரைக்கும் சுகந்தி ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். உண்மையாகவே அழுகை வந்தது.

"அடுத்தது எப்ப?" என்று கேட்டாள்.

"இடையில நிப்பாட்டினதுதானே?"

"அதுக்கென்ன? கலியாணம் முடிச்சு இண்டைக்குத்தான் நான் சொன்ன பக்கம் எதிர்த்துக் கதைக்காமப் போனீங்க."

அதற்குப் பிறகு ஒரு கூட்டத்தையும் அவள் தவறவிட்டதில்லை. எனக்குக் காய்ச்சல் என்றாலும் விடுகிறாள் இல்லை. ஆனால் உண்மையான தண்டனை அந்தக் கோப்பை. அதில் 'முதலிடம்' என்று மட்டும்தான் எழுதியிருக்கும். முன்னேஸ்வரத்திலிருந்து வந்த மாமனார் அதை அலுமாரியில் கண்டு, இது எதற்குக் கிடைத்தது என்று கேட்டார். சுகந்தி கண் இமைக்காமல் சொன்னாள்:

"தமிழ் உச்சரிப்புப் போட்டி, அப்பா."

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் வரவேற்புரை என் தலையில்தான். போன மாதமும் மாமா என்னை மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் இழுத்து நிறுத்தி, கோப்பைக் கதையைத் தொடங்கினார். சபை எப்படி இருந்தது என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

"சனம் எழும்பி நிண்டு கைதட்டினது," என்றாள் சுகந்தி. "ஆனா ஒரு சொல்லும் ஒருத்தருக்கும் விளங்கேல்லை."

மாமா பெருமையோடு தலையாட்டினார். "செந்தமிழ் எண்டா அப்பிடித்தான் பிள்ளை."