கோல்கீப்பர் தின்ற நண்டு

நோர்பரி,
ஞாயிறு, பூசை முடிந்து.

மதிப்புக்குரிய யேசுராசா அண்ணை அவர்களுக்கு, பீற்றர் பணிவுடன் எழுதுவது. மாதாவின் அருளால் இங்கே எல்லோரும் சுகம். ஹரோவில் நீங்களும் அக்காவும் உங்கள் முழங்காலும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம்.

அண்ணை, பெரிய கண்டத்திலிருந்து தப்பிவிட்டோம். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட மாதிரி, எங்கள் தமிழ் உதைபந்தாட்ட லீக்கும் பெரிய கிளப்புகளைப் பார்த்து ஆட்டக்காரர் சம்பளத்துக்கு இந்த வருடம் வரம்பு வைத்தது. வைக்கட்டும். ஆனால் போன வருடத்துக்கும் அது செல்லுமாம், மீறியவர்களிடம் கிண்ணத்தைப் பறிப்பார்களாம். போன வருடம் இல்லாத சட்டத்தைப் போன வருடம் எப்படி மீறுவது? நேற்றுக் கட்டிய மதிலைப் போன மாதம் ஏறிக் குதித்தாய் என்று ஆளைப் பிடிக்கிற மாதிரி அல்லவா இருக்கிறது! எங்கள் நோர்பரி கிளப்பில் நாங்கள் வரம்புக்குள்தான் சம்பளம் கொடுத்தோம். இறுதியாட்டத்தில் எங்களிடம் தோற்ற குட்மேய்ஸ் கிளப் சிவதர்ஷன் நேற்றைய லீக் கூட்டத்தில் எழும்பி, நோர்பரி கோல்கீப்பருக்கு மட்டும் ஆட்டம் முடிய எங்கள் வீட்டிலிருந்து நண்டுக்கறியும் சோறும் போனது, அதுவும் சம்பளம்தான், சேர்த்தால் வரம்பு தாண்டும் என்றார். கோல்கீப்பர் வேறு யார், உங்கள் மகன் டெனுசன்தான். எங்கள் கிளப் பிறந்ததிலிருந்து வென்ற ஒரே கிண்ணம், அண்ணை.

பின்னால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி றோஸ்மலர் கேத்திலை வைத்துவிட்டு முன்னே வந்தாள்.

"அவர் எங்கட அஞ்சலீனாவைக் கட்டப்போற பெடியன். மருமகனுக்குச் சோறு போட லீக்கிட்டைக் கேக்கவேணுமோ?"

மருமகனுக்கு வைத்த நண்டைச் சம்பளம் என்று சொல்ல நம்மவர் யாருக்கு வாய் வரும்? கிண்ணம் எங்களுக்கே என்று முடிவாயிற்று. கிண்ணத்தை முன் சீட்டில் இருத்தி, பெல்ட் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். றோஸ்மலர் பின் சீட்டில் வந்தாள். நிம்மதியில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

ஒரு சின்னச் சிக்கல். நீங்கள் சம்மதம் சொல்லும்வரை கலியாணப் பேச்சு வெளியே போகக்கூடாது என்றிருந்தீர்கள். இப்போது குட்மேய்ஸ் வரை போய்விட்டது. எந்த மண்டபம் என்று சிவதர்ஷனே கேட்கிறார். பிள்ளைகளுக்கும் விருப்பம். ஆகவே தயவுசெய்து ஒரு 'ஓம்' சொல்லுங்கள். அதைப் போன வருடத் தேதியிட்டுச் சொன்னீர்கள் என்றால் நாங்களும் பொய்யர் ஆகமாட்டோம்.

மாதாவின் காவல் உங்கள் வீட்டில் என்றும் தங்கட்டும்.

அன்புள்ள
பீற்றர்

பி.கு.: கூட்டம் கலைய முன் இன்னொரு விதியும் நிறைவேறியது. கோல்கீப்பருக்குக் கொடுக்கும் சீதனமும் இனிச் சம்பளக் கணக்கில் சேரும், அதுவும் போன வருடத்திலிருந்தே. எனவே நீங்கள் கேட்ட வீட்டைப் பற்றிப் பேச எங்களுக்கு வழியில்லை. பின்னோக்கிப் போகும் சட்டம் அநியாயம் என்று மேலே எழுதியதை வெட்டிவிட்டு வாசியுங்கள். இந்த விதியைக் கொண்டுவந்தவன் நான்தான்.