வாழைப்பூவும் வலது கட்டைவிரலும்

போன மாதம் ஒரு முடிவெடுத்தேன். இனி என் வாழ்வில் பாஸ்வேர்டு கிடையாது.

மஸ்கட்டிலிருந்து ஒரகடம் திரும்பியபோது சர்க்கரை நோயும் என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டது. அன்றிலிருந்து சாப்பாட்டு ஆப்புக்கு என் மனைவி காவேரிதான் காவல். நான் பிரியாணி ஆர்டர் போடுவேன். வல்லம் வடகால் ஃபேக்டரியில் உட்கார்ந்தபடி, தன் போனிலிருந்தே என் கணக்கில் நுழைந்து கேன்சல் செய்வாள். என் பாஸ்வேர்டு அவள் பெயரும் கல்யாண வருடமும். வேறு பெண்பெயர் வைக்கத் தைரியம் ஏது?

ஆகவே பாஸ்கீக்கு மாறினேன். மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை. ஏமாந்து உளறவும் ஒன்றுமில்லை. சாவி போனுக்குள்ளேயே இருக்கும். விரலை வைத்தால் திறக்கும். என் போன், என் கட்டைவிரல், என் பிரியாணி!

ஞாயிற்றுக்கிழமை காவேரிக்கு ஃபேக்டரியில் ஓவர்டைம்.

"இன்னாங்க, மதியம் வந்து பொரியல் பண்றேன். இந்த வாழைப்பூவ ஆஞ்சி வெச்சிடுங்க."

"ரெண்டு பூவா? ஊருக்கே விருந்தா?"

"சர்க்கரைக்கு நல்லது."

"கையில தடவிக்க எண்ணெய்?"

"தீந்துபோச்சி. வெறுங்கையால ஆயுங்க, இன்னா இப்போ!"

ஆய்ந்தேன். பூவின் பிசின் ஒட்டி, விரல்கள் தார் ரோடு போட்டவன் விரல்கள் ஆயின. ஆனாலும் பிரியாணி நினைப்பில் கட்டைவிரலைப் போனில் வைத்தேன். பொருந்தவில்லை. புளி போட்டுத் தேய்த்தேன். தேங்காய் நாரால் தேய்த்தேன். தோல்தான் உரிந்தது. விரல் இல்லையென்றால் பின் நம்பரைப் போடலாம் என்று போன் பெரிய மனது பண்ணியது. போன் வாங்கிய அன்று அந்த நம்பரை வைத்தவள் காவேரி. விரல் இருக்க நம்பர் எதற்கு என்று நான் கேட்டுக்கூட வைக்கவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம்.

"இன்னாங்க, போன் விரல எடுக்கலியா?"

"சும்மா... மணி பார்த்தேன்."

"செவுத்துல கடிகாரம் கீதே?"

திரும்பிப் பார்த்தேன். இருந்தது.

காவேரி ஃபேக்டரி டைம் ஆபீஸில் வேலை பார்ப்பவள். வருகைப்பதிவு மிஷின் அவள் பொறுப்பு.

"லைன்ல ஆயில்ல கைய வுட்டுட்டு வருவாங்க, மிஷின் எடுக்காது. அதான் ஆளுக்கு ரெண்டு விரல் பதிஞ்சி வெப்போம். நீங்க எத்தினி?"

"ஒண்ணுதான்."

"தெரியும். ரெண்டாவத நான் போன் வாங்குன அன்னிக்கே பதிஞ்சிட்டேன்."

என் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "எந்த விரல்?"

தன் ஆள்காட்டி விரலை வைத்தாள். போன் திறந்தது. ஆப்பும் திறந்தது.

"பசி உயிர் போவுது. ஒரு மட்டன் பிரியாணி போட்டுக்கறேன்."

"எனக்கு?"

"ரெண்டு பூவு கீதே!" துணி பீரோவைத் திறந்து, சேலைகளுக்குப் பின்னாலிருந்து எண்ணெய் பாட்டிலை எடுத்தாள். முழு பாட்டில். "அப்புறம், உங்க விரல போன்லேர்ந்து எடுத்துட்டேங்க. சும்மா மக்கர் பண்ணுது."

பாஸ்கீ ரொம்பவே பாதுகாப்பானது. இப்போது என் கணக்கில் என்னால்கூட நுழைய முடியவில்லை.