ஈஸ்ட் ஹாம் பந்தியில் நான் எழும்பாத விவரம்

ஃபாரஸ்ட் கேட்,
1993 ஐப்பசி, புதன்கிழமை.

கோலியர்ஸ் வுட்டில் சீரோடு வாழும் என் அன்புத் தம்பி பரமேஸ்வரனுக்கு அக்கா அன்னமுத்து எழுதிக்கொள்வது. முழங்காலைத் தவிர நான் நலம். நீயும் உன் காரும் சுகமாக இருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் ஹாம் மண்டபத்தில் நடந்த சங்க விழாவில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஒருவரும் 'நான் அங்கே இல்லை' என்று சொல்லக்கூடாது. எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் வாசுதேவன். ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கும் அவருடைய தாய் கமலாம்பிகை. வாசுதேவனின் மகன், அதாவது எங்கள் ரமாவைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்று தகப்பனைச் சம்மதிக்க வைத்த பெடியன். என் மகள் சந்திரவதனா. பேத்தி ரமா. பிரதம விருந்தினராக எங்கள் தெருவில் இருக்கும் அமெரிக்கக் கறுப்பு மனுசி டொலறஸ். நான். நீ, அரைவாசி நேரம். மிச்சம் ஊர்ச்சனம்.

நீ காரைப் பார்க்க எழும்பிப் போனதால் பின்பாதி உனக்குத் தெரியாது, முன்பாதியில் நித்திரை, ஆகவே இரண்டையும் எழுதுகிறேன். டொலறஸ் இங்கிலீசில் பேசப் பேச வாசுதேவன் தமிழில் சொன்னார். அவள் சின்னப் பெட்டையாக இருந்த காலத்தில், அவளுடைய ஊர் பஸ்ஸில் கறுப்பர்களும் அதே காசுதான் கொடுக்க வேண்டுமாம், ஆனால் பின்னுக்குத்தான் இருக்க வேண்டுமாம், வெள்ளைக்காரன் ஏறினால் எழும்பி இடம் விட வேண்டுமாம். ஒருநாள் ஒரு மனுசி எழும்பமாட்டேன் என்று இருந்துவிட்டாள், பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது, உடனே சனம் எல்லாம் சேர்ந்து பஸ்ஸை பொய்கொட் பண்ணியது என்றார். என் காது உனக்குத் தெரியும்தானே, பஸ்ஸைப் பேய்க்காட்டியது, ஏமாற்றியது என்று விழுந்தது. நான் எழும்பி நின்று கேட்டேன், "எப்பிடித் தம்பி பஸ்ஸைப் பேய்க்காட்டினவை? டிக்கற் எடுக்காமலோ?" மண்டபமே சிரித்தது. சந்திரவதனா தொடையில் நுள்ளினாள். வாசுதேவனும் சிரித்துப்போட்டு, "பேய்க்காட்டேல்லை ஆச்சி, பொய்கொட். ஏறாமல் விட்டவை. சரிசமமாய் இருக்க விடாத பஸ் எங்களுக்கு வேண்டாம் எண்டு, ஒரு வருசத்துக்கு மேலை நடந்தே வேலைக்குப் போனவை" என்றார். சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினேன். அதுதான் இப்போது எனக்குப் பெரிய ஆத்திரம், என் கைதட்டலை எப்படித் திருப்பி வாங்குவது?

பிறகு சாப்பாடு. டொலறஸ் என் கையைப் பிடித்து முதல் பந்தியில் தனக்குப் பக்கத்தில் இருத்தினாள். இலை போட்டாயிற்று. வாசுதேவன் வந்து என் கதிரையடியில் குந்தி, பிள்ளைக்கு மருந்து பருக்குகிற குரலில் சொல்கிறார்: "ஆச்சி, குறை நினைக்கப்படாது. அம்மா பழைய ஆள். உங்கடை ஆக்களோடை ஒரே பந்தியிலை இருக்கமாட்டா. ஒருக்கா எழும்பி அந்தக் குசினிப் பக்கத்து அறையிலை இருங்கோவன். சாப்பாடு எல்லாம் ஒண்டுதான்."

இதற்குப் பிறகு அவருக்கு 'அவர்' கிடையாது, அவன்தான்.

"பஸ்ஸும் ஒண்டுதானே தம்பி" என்றேன்.

சந்திரவதனா அழுகிற மாதிரி, "அம்மா, ரமாவின்ரை வாழ்க்கை, எழும்பம்மா" என்றாள். நீ என் காதுக்குள், "அக்கா, கலியாணம் முடியட்டும், பிறகு பாப்பம்" என்று சொல்லி உன் கதிரையை மடித்துச் சுவரில் சாத்திவிட்டு, பார்க்கிங் வோர்டன் காருக்குத் தண்ட டிக்கற் ஒட்டிப்போடுவான் என்று போய்விட்டாய். அதில் உன்னை ஒரு குறையும் சொல்லமாட்டேன். அறுபத்தெட்டில் சந்தித் தேத்தண்ணிக் கடைக்குள் போய் வாங்கில், அந்த நீட்டுப் பலகை இருக்கையில், இருந்தவன் நீ. எங்களுக்குப் போத்திலில் ஊற்றி வாசலில் வைக்கிற கடை அது. எழும்படா என்று உதைத்தார்கள், நீ வாங்கைக் கட்டிப்பிடித்தாய், கடைசியில் உன்னை வாங்கோடு தூக்கித்தான் றோட்டில் போட்டார்கள். அதை நினைத்துக்கொண்டுதான் நானும் கதிரையை இரண்டு கையாலும் பிடித்தேன்.

சோற்று வாளியோடு வந்த பெடியள் எங்கள் இலையடியில் நின்றுவிட்டார்கள். போடுவதா, தாண்டுவதா? சோற்றில் ஆவி பறக்கிறது. டொலறஸ் என்ன நடக்கிறது என்று கேட்க, ரமா முகம் சிவக்க இங்கிலீசில் சொன்னாள். டொலறஸ் இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். பிறகு தன் இலையை இரண்டாய் மடித்து மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். "அம்மம்மா, அவவுக்குப் பசிக்கேல்லையாம்" என்றாள் ரமா. அது பச்சைப் பொய், அந்த மனுசி காலையிலிருந்து வடைக்குக் காத்திருந்தவள். நான் வாசுதேவனைப் பார்த்து மண்டபம் முழுக்கக் கேட்கத்தான் கேட்டேன்: "இவ்வளவு நேரமும் மேடையிலை நிண்டு எங்களைப் பேய்க்காட்டினனியே?" இந்தமுறை ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் கமலாம்பிகை பொல்லை ஊன்றி வந்தா. என்னை மேலும் கீழும் பார்த்தா. "நீ, வாங்கோடை ஒருத்தனைத் தூக்கிப் போட்டவங்களே, அவன்ரை தமக்கை எல்லோ?" "ஓம்" என்றேன், கதிரையை விடாமல். "கொஞ்சம் அரக்கித் தள்ளி இரு, எனக்கு இந்தப் பக்கத்துக் காதுதான் கேக்கும்" என்று சொல்லி எனக்கும் டொலறஸுக்கும் நடுவில் இருந்து, "சோத்தைப் போடுங்கோவன்ரா, ஆற்றை வாயைப் பாக்கிறியள்?" என்றா. வாசுதேவன் "அம்மா, நீங்கள்தானே..." என்று தொடங்கினான். "என்னை ஆர் கேட்டது? ஊரிலை எண்டால் இருக்கமாட்டன்தான். இஞ்சை ஆர் பாக்கிறது?" என்றா மனுசி, முழு ஊரும் பார்த்துக்கொண்டு நிற்க. பாயசத்தைக் குடித்துப்போட்டு, "அவன் தம்பி எங்கை? அந்தக் கெட்டிக்காரனை ஒருக்காப் பாக்கோணும்" என்று கேட்டா. காரடியில் நிற்கிறான் என்றேன்.

ரமா நிச்சயார்த்த மோதிரத்தைக் கழற்றிப் பெடியனின் இலையோரம் வைத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஆகவே கலியாணம் இல்லை. வாசுதேவனை நான் என் கட்டை வேகும்வரை மன்னிக்கமாட்டேன். நீ வழக்கம்போல வெள்ளிக்கிழமை சாப்பிட வா, உனக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைக்கிறேன். உன் பிள்ளைகள் படிப்பிலும் நீ சுகத்திலும் குறைவில்லாமல் இருக்க, நான் குடித்த தாய்ப்பாலையே குடித்த தம்பிக்கு இந்த அக்காவின் ஆசி எந்நாளும் உண்டு.

அன்புள்ள அக்கா,
அன்னமுத்து

பி.கு.: முழங்கால் நோவால் தபால் பெட்டிவரை போக ஏலாமல் இந்தக் கடிதம் மேசையிலேயே கிடந்துவிட்டது. இன்றைக்குச் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை நீ வரவில்லை, வேறு ஆள் வந்தார். வாசுதேவன். எங்கள் குசினியில், என் கையால் சாப்பிட்டால்தான் மேற்கொண்டு பேச்சு என்று ரமா சொல்லி அனுப்பியிருந்தாளாம். வந்தார், இருந்தார், உனக்கு வைத்த கத்தரிக்காய்க் குழம்பை வழித்துச் சாப்பிட்டார், கண்ணால் தண்ணீர் ஓடியது, உறைப்போ வேறு என்னவோ, நான் கேட்கவில்லை. மன்னித்துவிட்டேன். பார், 'அவர்' திரும்பி வந்துவிட்டது. கலியாணம் தையில். டொலறஸ் இப்போதே சேலை கேட்கிறாள்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தெருவுக்கு வோர்டன் வருவதில்லை என்று ரமா சொன்னாள். வாசுதேவன் எழும்பச் சொன்னது என்னை. உன்னை ஒருவரும் சொல்லவில்லை, உதைக்கவில்லை, தூக்கவில்லை, நீயே மடித்துச் சாத்தினாய். கலியாணத்துக்கு வா, முதல் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உனக்கு இலை போட்டிருக்கும், கமலாம்பிகை உன்னைப் பார்க்கவேண்டும் என்று நிற்கிறா. ஆனால் சோறு போடுகிற என் கையைப் பார்த்து ஏமாறாதே. அந்த மண்டபத்தில் இருந்தவர்களுக்குள் நான் மன்னிக்காத ஆள் இனி ஒருவன்தான். சந்திக் கடை வாங்கை விடாத பரமேஸ்வரன்.