தாமதம் விட்டுப்போன மனு

வக்கீல் தையல்காரரைக் கடைசியாக உயிரோடு பார்த்த நாளில், கோப்பின்படி அவர் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

விஷயம் எளியது. பக்கத்துக் கட்டிடக்காரர் எழுப்பிய சுவர் தையல்காரரின் கடையில் இருந்த ஒரே ஜன்னலை அடைத்துவிட்டது. ஊசியில் நூல் கோக்க வெளிச்சமில்லை. வழக்குப் போட்டார். வாய்தாவுக்கு அரைமணி பிந்தி வந்ததால் வழக்கைத் தள்ளிவிட்டார்கள். அதை மறுபடி எடுக்கக் கோரி வக்கீல் மனு எழுதினார்: 'மனுதாரர் காலதாமதமானதால் நேர்ந்த பிழையைப் பொறுத்தருள வேண்டும்.'

தட்டச்சில் 'தாமத' என்ற மூன்றெழுத்து விட்டுப்போயிற்று. 'மனுதாரர் காலமானதால் நேர்ந்த பிழையைப் பொறுத்தருள வேண்டும்' என்று வந்தது. வக்கீல் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். தையல்காரர் அதன்கீழே, தம் மரணத்துக்குச் சாட்சிபோல, நிதானமாகக் கையெழுத்திட்டார்.

ஏழு மாதம் கழித்து அதை முதன்முதலாகப் படித்தவர் தலைமை எழுத்தர். இருவரையும் வரச் சொன்னார்.

"இறந்தவர் கையெழுத்து செல்லாது சார். வாரிசைக் கூட்டிட்டு வாங்க."

"இதோ, உங்க முன்னாடிதானே நிக்கிறார்."

எழுத்தர் கண்ணாடியை இறக்கித் தையல்காரரை மேலும் கீழும் பார்த்தார். "நிக்கிறது எனக்கும் தெரியுது. கோப்புல நிக்கலையே."

"எழுத்துப்பிழை சார். திருத்த மனு கொடுத்துடறோம்."

"தாராளமா. ஆனா மனுதாரர்தான் கொடுக்கணும்."

தையல்காரர் பொறுக்கமாட்டாமல் குறுக்கே புகுந்தார். "அய்யா, நீங்க போட்டிருக்கிற சட்டையை நான்தான் தைச்சேன்."

"எப்போ?"

"போன மாசம்."

எழுத்தர் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "இதை வெளியில சொல்லாதீங்க. எனக்கு விளக்கம் கேட்டு ஓலை வரும்."

அவர் தலைக்கு மேலே 'தாமத ஒழிப்பு மாதம்' என்று, பல மாதமாகக் கழற்றப்படாத துணிப்பதாகை தொங்கியது.

"உங்க தட்டச்சம்மா அதைப் பார்த்துத்தான் ஒழிச்சிருக்காங்க," என்றார் தையல்காரர் வக்கீலிடம். படியில் இறங்கும்போது கேட்டார்: "நான் நிஜமாவே போயிட்டா வழக்கு வேகமா நடக்குமா?"

"வாயைக் கழுவுங்க," என்றார் வக்கீல். நடைமுறை சுலபமாகும் என்றுதான் மனதில் பட்டது.

வக்கீல் தம் பெயரிலேயே திருத்த மனு போட்டார். இருபதாம் நாள் தையல்காரர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். மகள் இறப்புச் சான்றிதழோடு வந்தாள். வக்கீல் அவளை அழைத்துக்கொண்டு எழுத்தரிடம் போனார்.

"வாரிசைக் கூட்டிட்டு வந்துட்டேன் சார்."

எழுத்தர் முகம் மலர்ந்தது. "வாரிசு எதுக்கு? உங்க திருத்த மனு நேத்தே அனுமதியாயிடுச்சு. 'மனுதாரர் உயிருடன் உள்ளார்.' முத்திரையெல்லாம் விழுந்தாச்சு."

"அப்பா போயிட்டார் சார்," என்றாள் மகள். "சான்றிதழ் இருக்கு."

"அது சான்றிதழ்தாம்மா. இது உத்தரவு."

"இப்ப என்ன செய்யணும்?"

"உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு பண்ணுங்க. முப்பது நாள் கெடு. இல்லேன்னா அப்பாவை நேர்ல வந்து மறுக்கச் சொல்லுங்க."

மகள் வக்கீலைப் பார்த்தாள். வக்கீல் பதாகையைப் பார்த்தார்.

இந்த முறை வக்கீல் யாரையும் நம்பவில்லை. மேல்முறையீட்டைத் தாமே தட்டச்சு செய்து, எழுத்து எழுத்தாகப் படித்தார்; திருத்தினார்; மறுபடி படித்தார். ஒரு பிழைகூட இல்லை என்று உறுதியான அன்று, முப்பத்தோராம் நாள். காலதாமதத்தைப் பொறுத்தருளக் கோரி இன்னொரு மனு எழுத உட்கார்ந்தார்.

சுவர் அங்கேயேதான் இருக்கிறது. மகள் பகலிலும் விளக்கைப் போட்டுத்தான் தைக்கிறாள்.