‘கொஞ்சம் குறைங்க’ என்றொரு பொத்தான்

முப்பத்தொரு வருடம் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் உட்கார்ந்து பட்ஜெட் போட்டவன் நான். என் மனைவியின் ஊறுகாய்க் கடையைத் திறந்த அன்றே கிட்டத்தட்ட இழுத்து மூடியவனும் நானேதான். இரண்டையும் ஒரே மூளைதான் செய்தது என்பதை என் மனைவி இன்றுவரை நம்ப மறுக்கிறாள். (மகள் நம்புகிறாள். அவள் கணக்குப் படித்தவள்.)

வெள்ளைக்காரன் மூட்டை கட்டிப் போய் எத்தனையோ காலமாகியும் கேமரன் மலைத் தோட்டங்களில் மேனேஜர் இன்னும் துரைதான், கணக்கெழுதும் குமாஸ்தா இன்னும் கிராணிதான். நான் கிராணி. உரம், மருந்து, கவ்வாத்துக் கத்தி, தொழிலாளர் லயன் வீடுகளுக்குச் சுண்ணாம்பு என்று எல்லாவற்றுக்கும் ஒரு தலைப்புப் போட்டு, தலைப்புக்கு எதிரே ஒரு தொகை எழுதுவது என் வேலை. அந்த வேலையில் எழுதப்படாத சட்டங்கள் இரண்டு. ஒதுக்கிய தொகைக்கு மேல் ஒரு காசுகூடப் போகக்கூடாது. ஒரு காசு மிச்சமும் வைக்கக்கூடாது. மிச்சம் வைத்தால், ‘உனக்கு இவ்வளவு தேவையில்லை போலிருக்கிறது’ என்று தலைமை ஆபீசில் அடுத்த வருடம் வெட்டிவிடுவார்கள். அதனால் வருடக் கடைசியில் நாங்கள் எதையாவது வாங்கிக் கணக்கை நேர் செய்துவிடுவோம். ஒருமுறை பதினான்கு விளக்குமாறு வாங்கினேன்.

என் மனைவி லெட்சுமி ஸ்ட்ராபெரியில் ஊறுகாய் போடுவாள். திரிங்காப்பில் ஒரு தோட்டக்காரர் கோணலும் மாணலுமான பழங்களை, பாதி பழுத்த பழங்களை, சுற்றுலாக்காரர்களுக்கு விற்க முடியாமல் இவளிடம் மலிவாகக் கொடுப்பார். கடுகு, மிளகாய், நல்லெண்ணெய் என்று இவள் அதை வேறு பிறவி எடுக்க வைத்துவிடுவாள். முதல் தடவை, “இதையெல்லாம் மனுசன் தின்பானா?” என்று கேட்டவன் நான். சனிக்கிழமை தோறும் பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் போத்தல் பதினைந்து ரிங்கிட்டுக்கு அது விற்றுத் தீர்ந்தது. மூன்று வருடத்தில் ஆறாயிரம் ரிங்கிட் சேர்த்துவிட்டாள்.

வெளியூர்க்காரர்கள் ஆன்லைனில் கிடைக்குமா என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் அந்த ஆறாயிரத்தை அப்படியே என் முன்னால் வைத்தாள்.

“வருசம் பூரா தோட்டத்துக்கு பட்ஜெட்டு போடுறீங்க. நம்ம கடைக்கும் ஒன்னு போட்டு நல்லா செஞ்சு குடுங்க.”

அந்தக் கணம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்ததை என்னவென்று சொல்வேன்! மாதக் கட்டணம் கட்டி இணையத்தில் ஆயத்தக் கடை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், செலவு குறைவு என்று மகள் யாழினி சொன்னாள். “வாடகைக் கடையா? நமக்குன்னு அளவெடுத்துத் தைச்ச மாதிரி சொந்தக் கடை வேணும்” என்று அடித்துப் பேசினேன். ஈப்போவில் வலைத்தளம் செய்து கொடுக்கும் புவனா என்ற பெண்ணைப் பிடித்தோம்.

பட்ஜெட் போட்டேன். எழுந்து நின்று பார்க்க வேண்டிய பட்ஜெட். கடை செய்ய நாலாயிரத்து முந்நூறு. படம் எடுக்க நானூறு. லேபிளுக்கு முந்நூற்று ஐம்பது. பெட்டி, ஒட்டுத்தாள் முந்நூறு. கூரியர் என்று தலைப்பே இல்லை. காரணம், தோட்டத்தில் தேயிலையை வெளியே அனுப்புவது லாரிப் பகுதியின் கணக்கு. முப்பத்தொரு வருடத்தில் அந்தத் தலைப்பு என் தாளில் வந்ததே கிடையாது. ஆகவே ஊறுகாய் போத்தல்கள் தாமாகவே கோலாலம்பூருக்கு நடந்து போய்விடும் என்று விட்டுவிட்டேன். அதோடு நிற்காமல், தலைப்பு இல்லாததற்கு வாடிக்கையாளரிடம் எப்படிக் காசு கேட்பது என்று நினைத்து, கடையில் ‘அனுப்பும் செலவு இலவசம்’ என்றும் பெரிதாகப் போடச் சொன்னேன்.

எல்லாம் போக அறுநூற்று ஐம்பது ரிங்கிட் மிஞ்சியது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

“புவனா, இன்னும் ஏதாச்சும் செய்யணுமாம்மா?” என்று போனில் கேட்டேன்.

“ஒன்னும் வேணாம் அங்கிள். அந்தக் காச கையில வச்சுக்குங்க. கட தொறந்த பெறகுதான் செலவே ஆரம்பிக்கும் லா.”

நல்ல பெண். நான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் கையில் மிச்சத்தோடு கணக்கை மூடுவது எனக்கு வேட்டி கட்டாமல் கோயிலுக்குப் போகிற மாதிரி. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. சந்தையில் எல்லாரும் பேரம் பேசுவார்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் வித்தியாசமே கிடையாது. லெட்சுமி ஐம்பது காசு குறைப்பாள். இன்னொரு தடவை கேட்டால் இன்னொரு ஐம்பது. வாங்குகிறவர் சிரித்த முகத்தோடு போவார். ஆன்லைனில் விலை மட்டும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தால் மனிதர்களுக்கு மரியாதையாகவா இருக்கும்?

“ஒரு பொத்தான் வேணும்மா. ‘கொஞ்சம் குறைங்க’ன்னு. ஒருக்கா அமுக்குனா அம்பது காசு கொறையணும்.”

எதிர்முனையில் புவனா கணக்குப் போட்டாள்.

“எழுநூறு வெள்ளி ஆகும் அங்கிள்.” (ரிங்கிட்டை நாங்கள் பேச்சில் வெள்ளி என்போம்.)

“அறுநூத்தம்பது.”

“சரி. எது வரைக்கும் கொறையலாம்? ஒரு அடிவெலை வச்சிருவோம். அதுக்குத் தனியா நூத்தி இருவது.”

நூற்றிருபதா? என் பட்ஜெட் ஆறாயிரத்தில் கோடு போட்ட மாதிரி நிற்கிறது. ஒரு காசு கூடக்கூடாது.

“அடிவெல எதுக்கும்மா? மனுசன் எத்தன வாட்டி கேப்பான்? ரெண்டு, மிஞ்சிப் போனா மூணு. அதுக்கு மேல வெக்கம் வந்துரும்.”

“போன்ல யாருக்கு அங்கிள் வெக்கம் வரும்?” என்றாள் புவனா. விவரம் தெரியாத பெண் என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன். விலை சுழியத்துக்குப் போகாமல் ஐம்பது காசில் நிற்கும்படி மட்டும் அவளாகவே, காசு வாங்காமல், செய்துவைத்தாள். அந்தப் புண்ணியத்துக்கு அவள் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. லெட்சுமி நூற்று அறுபது போத்தல் போட்டு அடுக்கியிருந்தாள். கையிலிருந்த கடைசிக் காசு வரை அதில்தான் இருந்தது. இது விற்றுப் பணம் வந்தால்தான் அடுத்த சமையலுக்குப் பழமும் எண்ணெயும் வாங்க முடியும். வராவிட்டால் கடை அதோடு சரி. இதை அவள் என்னிடம் இரண்டு முறை சொன்னாள். நானும் இரண்டு முறை தலையாட்டினேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சாமி கும்பிட்டுக் கடையைத் திறந்தோம். நான் இணைப்பைத் தோட்டத்து வாட்ஸாப் குழுக்களில் போட்டேன். ஐந்தாவது நிமிடம் போன் ‘டிங்’ என்றது. பிறகு அது ஓயவே இல்லை. நான் கூடத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினேன் என்று மகள் சொல்கிறாள். கொஞ்சம் நடந்தேன், அவ்வளவுதான்.

பதினொன்றரைக்கு நூற்று அறுபதும் தீர்ந்தது.

“பாத்தியா!” என்றேன் யாழினியிடம். “உங்கப்பன் பட்ஜெட்டு!”

அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்பா, துரை ஆறு போத்தல் வாங்கியிருக்காரு. மொத்தம் எவ்ளோ தெரியுமா?”

“தொண்ணூறு. இல்ல, ரெண்டு வாட்டி கேட்டிருப்பாரு. எம்பத்து நாலு.”

“மூணு வெள்ளி.”

பதினைந்து ரிங்கிட்டை ஐம்பது காசாக்க அந்தப் பொத்தானை இருபத்தொன்பது முறை அமுக்க வேண்டும். எங்கள் துரை, பங்களாவில் இரண்டு கார் நிறுத்தியிருப்பவர், இருபத்தொன்பது முறை அமுக்கியிருந்தார். அவர் மட்டுமா? வாங்கிய அறுபது பேரில் முக்கால்வாசிப் பேர் ஐம்பது காசு. ‘அமுக்க அமுக்கக் கொறையுது, சீக்கிரம் வாங்க’ என்று நான் இணைப்புப் போட்ட அதே குழுவிலேயே யாரோ எழுதியிருந்தார்கள். ஒவ்வொருவரும் எத்தனை தடவை அமுக்கினார்கள் என்று புவனா அழகாகப் பதிவு வைத்திருந்தாள். எல்லாருடைய வெட்கத்துக்கும் என்னிடம் கணக்கிருந்தது. யார் கணக்கிலும் இருப்பு இல்லை. முழு விலை கொடுத்தவர் ஒரே ஒருவர். (அவருக்குப் பொத்தான் கண்ணில் படவில்லையாம். பிறகு வருத்தப்பட்டார்.)

இரண்டாயிரத்து நானூறு வர வேண்டிய இடத்தில் வந்தது நூற்று முப்பத்தொரு ரிங்கிட் ஐம்பது காசு. அதை வைத்து அனுப்பும் செலவைக்கூடக் கட்ட முடியாது.

லெட்சுமி அடுப்படியில் கடுகு வறுத்துக்கொண்டிருந்தாள். போய்ச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் போனேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். வறுத்த கடுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று வருடச் சனிக்கிழமைகள் அந்த முகத்தில் தெரிந்தன. நான் செத்துப்போயிருக்கலாம் என்று தோன்றியது.

“எல்லாத்தையும் கேன்சல் பண்ணிரலாம்,” என்றேன். “புவனாகிட்ட சொன்னா…”

“கூடாது. வெல சொன்னது நாம. தீவாளிக்கு வாங்குனவங்கள ஏமாத்தக் கூடாது.” பின்னால் வந்து நின்ற யாழினியின் பக்கம் திரும்பினாள். “இதுல நம்ம மலையில இருக்குறவங்க எத்தன பேரு?”

“இருபத்தி மூணு,” என்றாள் யாழினி.

“அவங்களுக்கெல்லாம் கூரியர் வேணாம். நீங்களே மோட்டார்ல கொண்டு போய்க் குடுங்க. காசு கேக்காதீங்க. ஒரு வார்த்தை பேசாதீங்க. போத்தல கையில குடுத்துட்டு, பேசாம நில்லுங்க.”

“நின்னு?”

“நில்லுங்க லா. அது போதும்.”

முதலில் துரை பங்களா. மழை பிடித்துக்கொண்டது. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட ஆறு போத்தலையும், ‘மொத்தம் மூன்று ரிங்கிட்’ என்ற ரசீதையும் நீட்டிவிட்டு நின்றேன்.

“என்ன கிராணி, நீங்களே வந்துட்டீங்க?” துரை ரசீதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “இது… சும்மா, எப்படி வேலை செய்யுதுன்னு பாத்தேன்.”

நின்றேன். உள்ளே போய் நூறு ரிங்கிட் நோட்டோடு வந்தார். “பாக்கிய வச்சுக்குங்க,” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. (எப்படியும் பேசக்கூடாதுதான்.) போனில் காணாமல் போன வெட்கம் ஆளை நேரில் பார்த்ததும் திரும்பி வருகிறது! கோயில் தலைவர் வீட்டில் அவர் முந்திக்கொண்டார். “கிராணி, நான் மத்தவங்க மாதிரி அம்பது காசுக்குப் போகல. ஒரு வெள்ளியோட நிறுத்திட்டேன்.” பெருமையாகச் சொன்னார். நான் நின்றேன். உள்ளிருந்து அவர் மனைவி வந்து என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தார். அன்று அந்த வீட்டில் அவருக்கு மதியச் சாப்பாடு கிடைத்ததா என்று தெரியாது.

கோலா தெர்லாவில் மட்டும் தோற்றேன். காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் ஓர் அம்மா. போத்தலை வாங்கிக்கொண்டார். நான் நின்றேன். அவரும் நின்றார். இரண்டு காய்கறி லாரிகள் எங்களைத் தாண்டிப் போயின.

“அம்பது காசுக்கு ஒரு போத்தல்தானா?” என்றார் கடைசியில். “ரெண்டு குடுக்கலாம்ல?”

நான் வாய் திறக்கவில்லை. அவர் பெருமூச்சு விட்டு உள்ளே போய் ஒரு முட்டைக்கோசைக் கொண்டுவந்து என் மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்தார். “இந்தாங்க. பாவம், ரொம்ப நேரமா நிக்கிறீங்க.”

மூன்று நாள் நின்றேன். வெளியூர்ப் பெட்டிகளை அனுப்பியது போக, அடுத்த சமையலுக்குப் பழம் வாங்கத் தேவையான பணம் சரியாக வந்து சேர்ந்தது. திரிங்காப் தோட்டக்காரரிடம் பழக்கூடையை வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் லெட்சுமி முதல்முறையாகச் சிரித்தாள். மோட்டாரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்சம் அழுதேன். மழை என்று சொல்லிச் சமாளித்தேன்.

பொத்தானை எடுக்கப் புவனா எண்பது ரிங்கிட் கேட்டாள். நான் பேரம் பேச வாயெடுத்தேன்; லெட்சுமி போனைப் பிடுங்கிக்கொண்டு சரி என்று சொல்லிவிட்டாள். கடை இன்று நன்றாக ஓடுகிறது. பழைய வாடிக்கையாளர் சிலர் இன்னும் அந்தப் பொத்தானைத் தேடுகிறார்கள். சொந்தபந்தம் கூடும் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் யாராவது இந்தக் கதையை எடுக்காமல் இருப்பதில்லை. யாருக்காவது கொடுத்த கடன் வரவில்லை என்றால், “கிராணியக் கூட்டிட்டுப் போய் வாசல்ல நிப்பாட்டு” என்கிறார்கள். இரண்டு முறை உண்மையாகவே கூட்டிப்போனார்கள்.

இப்போது கடைக்குப் பட்ஜெட் போடுவது லெட்சுமி. அவள் நோட்டில் பழம், எண்ணெய், போத்தல், கூரியர் என்று வரிசையாகத் தலைப்புகள் இருக்கும். கடைசியில் ‘அவர்’ என்று ஒரு தலைப்பு. அதற்கு எதிரே ஐந்நூறு ரிங்கிட். நான் எதையாவது செய்துவைத்தால் சரிக்கட்ட. பல வருடமாக அந்தத் தொகை அப்படியே இருந்தது. இந்த வருட நோட்டைப் பார்த்தால் ஆயிரம் என்று போட்டிருக்கிறாள்.

“நான் ஒன்னுமே செய்யலையே, எதுக்கு ஏத்துன?” என்று கேட்டேன்.

“போன மாசத்தோட வேலையில இருந்து நின்னுட்டீங்கல்ல,” என்றாள். “இனிமே நாள் பூரா வீட்டுலதான இருப்பீங்க.”