சரித்து வெட்டிய நகம்

என் மச்சினன் ஞானசிங் என் வாசலில் கால் வைக்கக் கூடாது. அவனோடு நான் ஒரு வார்த்தை பேசக் கூடாது. இந்த இரண்டு சபதத்தையும் ஒன்பது வருஷம் கட்டிக் காத்தேன்.

காரணம் சின்னதல்ல. அவன் மகள் கல்யாணப் பந்தி. பாயச வாளி என் இலைக்கே வந்துவிட்டது. "அத்தானுக்கு வேண்டாம். சுகர் இருக்கும்," என்று தடுத்தான், கல்ஃபில் நர்ஸாக இருந்த மேதை. வாளி என்னைத் தாண்டிப் போனது. மறுநாளே ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். சுகர் இல்லை. பாயசமும் இல்லை.

இந்த மழைக்கு என் வலது கால் பெருவிரல் நகம் சதைக்குள் புகுந்துகொண்டது. முப்பது வருஷம் கீரிப்பாறை எஸ்டேட்டில் பாலுக்காக ரப்பர் மரத்தைச் சரித்து வெட்டிய கை. நகத்தையும் அழகாகச் சரித்துத்தான் வெட்டியிருந்தேன். இருந்தும் விரல் மிளகாய்ப்பழமாகச் சிவந்துவிட்டது.

"ஞானசிங்கைக் கூப்பிடட்டா?" என்றாள் என் மனைவி பூங்கனி.

"அவன் எனக்க வாசல்ல கால் வைக்கப்படாது!"

"அவன் இருக்கட்டும். நீங்க வையுங்க பாப்பம்."

வைத்தேன். கத்தினேன். அடுத்த வீட்டுக் கோழி கூரை ஏறியது.

"சரி, நானே பாக்கேன். ஆனா கண்ணைத் தொறக்கப்படாது. பாத்தா நோவு கூடும்."

மதியந்தோறும் இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் காலை இறக்கி, கண்ணில் ஈரத் தோர்த்துத் துண்டைப் போட்டாள். இரண்டே நாளில் வீக்கம் வற்றியது.

மூன்றாம் நாள். ஓட்டின்மேல் மழை. தண்ணீரின் சூடு காலிலிருந்து மெல்ல ஏறி நெஞ்சுக்கு வந்தது. என் ரப்பர் மரங்கள் எல்லாம் மிதந்து வந்து என்னைச் சுற்றி நின்றன. மரத்துக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை. சிரட்டையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது ரப்பர் பாலல்ல, அடைப்பாயசம். ஒரு மரத்தடியில் இலை போட்டு உட்கார்ந்தேன். தடுக்க ஆளில்லை.

எங்கோ தூரத்தில் என் காலைத் துடைத்தார்கள். நகத்தின் ஓரத்தை நோகாமல் தூக்கி, அடியில் துளிப் பஞ்சை வைத்தார்கள். கிளிக், கிளிக் என்று நகவெட்டி சத்தம்.

"ஏட்டி, ஒனக்க கைக்கு வளையல் போடணும்," என்றேன் மரத்தடியிலிருந்து.

"போடுங்க," என்றாள். குரல் ஏனோ தலைமாட்டிலிருந்து வந்தது.

"ஒனக்க தம்பி பெரிய நர்ஸாம்! அவன் தொட்டா எனக்க வெரலு அழுவிப் போவும்."

கிளிக் நின்றது.

"அத்தான், இது ரப்பர் மரமா, சரிச்சு வெட்டதுக்கு? நகத்தை நேரா வெட்டணும். மூலையைத் தோண்டப்படாது. இறுக்கமான செருப்பும் ஆவாது."

தோர்த்தை வீசினேன். கால்மாட்டில் ஞானசிங். அவன் மடியில் என் கால்.

அவனோடுதான் பேசக் கூடாதே. பூங்கனியிடம் திரும்பினேன். "ஏட்டி! இவன் எப்பிடி உள்ள வந்தான்?"

"அடுக்களை வழியா. வாசல்லதானே கால் வைக்கப்படாதுன்னு சொன்னிய? மூணு நாளா அப்படித்தான் வாறான்."

எழுந்து காலை ஓங்கித் தரையில் வைத்தேன். நோகவில்லை. கத்த ஆசையாக இருந்தது, காரணம் கிடைக்கவில்லை. மறுபடி உட்கார்ந்தேன்.

ஞானசிங் நகவெட்டியைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தான். வெளியே மழை விடவில்லை. தண்ணீரில் இன்னும் சூடு இருந்தது.

பேசக் கூடாது என்ற சபதமாவது மிச்சம் இருந்தது. அதை நான் மீறவில்லை.

ஒரு வார்த்தையும் பேசாமல் இடது காலை நீட்டினேன்.